சிவப்புத் தாளும் வெள்ளைத் தாளும்

என்னுடைய இருபத்திரண்டாவது வயதில், "கதை எழுதினால் அடுப்பு எரியாது" என்று என் தகப்பனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சென்னையில் ஒரு வியாபார ஸ்தாபனத்தில் டைப் அடிக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டரும் கார்பன் தாளும் அரக்கு முத்திரையும் ஆபீஸ்களை ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

நான் சேர்ந்த மறு வருஷம் ஒரு சர்க்கார் இலாகாவுக்குச் சாமான்கள் கொடுப்பதற்காக எங்கள் ஸ்தாபனம் டெண்டர் போட்டது. விலையை முதலாளியும் மானேஜரும் கதவைச் சாத்திக்கொண்டு நிர்ணயித்தார்கள். அதை டைப் அடித்தவன் நான். உறையில் போட்டு, அரக்கைக் காய்ச்சி ஊற்றி, முத்திரை வைத்தவர் ஹெட் கிளார்க். கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் பியூன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவோம்.

டெண்டரைப் பிரித்த அன்று எங்கள் முதலாளிக்கு மயக்கம் வராத குறைதான். போட்டிக்காரர் எங்கள் விலைக்கு ஒரு மயிரிழை கீழே போட்டிருந்தார். தற்செயலாக அப்படி ஒரு தொகை அமைய முடியாது. யாரோ நம் விலையைச் சொல்லியிருக்க வேண்டும். யார்?

மானேஜருக்கு அதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரங்கூட ஆகவில்லை. பெரியவரைக் கூப்பிட்டார்.

"முத்திரை உடையாமத்தானே ஸார் குடுத்தேன்? அங்கே வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க" என்றார் பெரியவர்.

"முத்திரையை உடைக்காம உறையைப் பிரிக்கிற வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். கணக்கைத் தீர்த்துக்கிட்டுப் போ" என்றார் மானேஜர்.

பத்தொன்பது வருஷத்து உத்தியோகம் அத்துடன் முடிந்தது. போகும்போது பெரியவர் என் மேஜையருகில் ஒரு நிமிஷம் நின்றார். "தம்பி, பேனாவை மேஜை மேலேயே வெச்சுட்டுப் போறீங்க. யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. உள்ளே வெச்சுப் பூட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு ஸ்தாபனத்தின் காகிதங்களை யார் காப்பாற்றுகிறார்கள், யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அன்றைக்கு என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அந்த முள்ளைப் பற்றி எனக்குச் சரித்திரந்தான் ஏதோ கொஞ்சம் பாடம் சொல்லிக்கொடுத்தது.

*

பல வருஷங்களுக்குப் பிறகு, ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுப் பேனாவையே நம்பிப் பிழைக்கத் தொடங்கியபோது, ஒரு சரித்திரத் தொடர்கதைக்காகச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பழைய தலைமுறை அதை 'ரிகார்டு ஆபீஸ்' என்றுதான் சொல்லும். 1909-ம் வருஷத்தில் எழுந்த கட்டடம் அது. உள்ளே இருப்பவற்றில் மிகப் பழையவை 1670-ம் வருஷத்தை ஒட்டியவை. அவற்றில் பெரும் பகுதி ஒரு வியாபாரக் கம்பெனியின் ஆபீஸ் காகிதங்கள் என்பதை நாம் சாதாரணமாக மறந்துவிடுகிறோம்.

ஆமாம்; நம் தாத்தாமார் 'கும்பினி' என்று சொன்னார்களே, அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் ஒரு கடைதான். 1600-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி எலிஸபெத் ராணியிடம் சாஸனம் வாங்கிக்கொண்டு லண்டன் வியாபாரிகள் ஆரம்பித்த கடை. 1639-ல் அவர்களுக்குச் சென்னைப் பட்டினத்தில் கொஞ்சம் மணல்வெளி கிடைத்தது. அதில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டு துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள்.

அந்தக் கடையின் கஷ்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலாளிகள் இருப்பது லண்டனில். சரக்கு வாங்கும் குமாஸ்தாக்கள் இருப்பது சென்னையில். நடுவில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் கடல். ஒரு கடிதம் போய்ச் சேர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குப் பதில் எழுதி, கப்பல் புறப்படும் பருவம் பார்த்து அனுப்பி, அது இங்கே வந்து சேர்வதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிடும். அதற்குள் விலை மாறியிருக்கும், நவாப் மாறியிருப்பார், கேள்வி கேட்ட கவர்னரே செயிண்ட் மேரி கோயில் கல்லறையில் படுத்திருக்கவும் கூடும்.

அப்படிப்பட்ட முதலாளிகளுக்குக் கண்ணும் காதும் காகிதம் ஒன்றுதான். ஆகவே காகிதத்தை அவர்கள் தெய்வமாகக் கொண்டாடினார்கள். கோட்டையில் கவர்னரும் சபை அங்கத்தினரும் கூடும்போதெல்லாம் 'ஆலோசனைப் புத்தகம்' என்று ஒன்று எழுதப்பட வேண்டும். இன்று யார் யார் வந்திருந்தார்கள், என்ன கடிதம் வந்தது, யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவாயிற்று என்று எழுதி, அதன் கீழே வந்திருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருக்கு அபிப்பிராய பேதம் இருந்தால் அதையும் அதே புத்தகத்தில் பதிவு செய்யலாம். அதன் பிரதி லண்டனுக்குப் போகும். 1672-ம் வருஷம் முதலான ஆலோசனைப் புத்தகங்களைப் பிற்காலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் அவற்றைப் படிக்கப் போனபோது, ஏதோ கணக்குப் புத்தகம் என்று கொட்டாவியோடுதான் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் கொட்டாவி பறந்துவிட்டது. சண்டை, சந்தேகம், கோள், சமாதானம் எல்லாம் அதில் இருந்தன. நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

கடிதம் அனுப்பும் முறையும் ஒரு சாஸ்திரம். ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒரு கப்பல் புயலில் முழுகினாலும் இன்னொன்று போய்ச் சேரும் அல்லவா? யுத்த காலத்தில் எதிரி கப்பலைப் பிடித்தால் கடிதப் பைகளைக் கனமான பொருள் கட்டிக் கடலில் எறிந்துவிட வேண்டும் என்பது மாலுமிகளின் வழக்கம். சரக்கு போனால் போகட்டும், சங்கதி போகக்கூடாது!

இந்த ஒழுங்குக்கு ஓர் உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்ற அதிகாரி. அவரை மசூலிப்பட்டணம், வங்காளம் முதலிய இடங்களிலிருந்த பண்டசாலைகளைப் பரிசோதித்து வரும்படி கம்பெனி நியமித்தது. போன இடத்திலெல்லாம் அவர் முதலில் கேட்டது கணக்கும் கடிதப் புத்தகமும். நாட்குறிப்பு தனியாக, ஆலோசனை தனியாக, வந்த கடிதம் தனியாக, போன கடிதம் தனியாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார். பிறகு 1678-ல் சென்னைக்குக் கவர்னரானார். இன்றைக்கும் கோட்டைக்குள் நிற்கும் செயிண்ட் மேரி கோயில் அவர் காலத்தில் கட்டியதுதான். கல்லால் கட்டியதைப் பார்க்க ஊர் ஜனங்கள் போகிறார்கள். காகிதத்தில் அவர் கட்டியதைப் பார்க்க என்னைப்போன்ற இரண்டொரு பைத்தியங்கள் போகிறோம்.

இத்தனை கட்டுக்காவலும் யாருக்குப் பயந்து? டச்சுக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பயந்து என்று நினைப்போம். அது பாதிதான். கம்பெனியின் பெரிய பயம் தன் சொந்த ஜாதியார் மீதுதான். சாஸனம் இல்லாமல் திருட்டுத்தனமாக வியாபாரம் செய்த இங்கிலீஷ்காரர்கள் அநேகர் இருந்தார்கள். எந்த ஊரில் எந்தத் துணி என்ன விலை, இந்த வருஷம் லண்டனில் எதற்குக் கிராக்கி என்ற விஷயம் அவர்கள் காதுக்கு எட்டிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். அப்படித் திருட்டு வியாபாரம் செய்தவர்களில் கைதேர்ந்தவர் தாமஸ் பிட் என்பவர். கம்பெனி அவரோடு பல வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்தது. கடைசியில் என்ன செய்தது தெரியுமா? 1698-ல் அவரையே சென்னைக்குக் கவர்னராக அனுப்பிவைத்தது! பதினொரு வருஷம் அவர் கோட்டையில் கொலுவிருந்தார். திருடன் கையில் சாவியைக் கொடுத்தால் பூட்டுக்கு ஆபத்தில்லை என்று எண்ணினார்கள் போலும். அந்த யோசனை முழுக்க மடத்தனம் என்றும் சொல்வதற்கில்லை.

*

புத்தகத்தில் கையெழுத்திட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் யார்? நம்மவர்கள்தான்.

கும்பினியின் பழைய காகிதங்களில் 'கானிகோப்ளி' என்று ஒரு விநோதமான வார்த்தை அடிக்கடி வரும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ போர்த்துகீசியப் பதவி என்று நினைத்தேன். பிறகுதான் சிரித்துவிட்டேன். நம்முடைய கணக்கப்பிள்ளைதான் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அப்படி நின்றுகொண்டிருந்தார்! கணக்கப்பிள்ளை ஓலையில் எழுதுவார். துபாஷி இரண்டு பாஷை பேசுவார். நெசவாளி கேட்ட விலையும், நவாப் தர்பாரில் நடந்த சமாசாரமும், துறையில் வந்து நிற்கும் கப்பலின் சரக்கும் இவர்கள் இருவர் வழியாகத்தான் கோட்டைக்குள் நுழையும். இவர்கள் வாய் திறந்தால் கம்பெனி பிழைக்கும். தவறான இடத்தில் திறந்தால் கம்பெனி கவிழும்.

அப்படிப்பட்ட ஒரு மனிதரின் உள்ளத்தை நாம் திறந்து பார்க்கும்படியான பாக்கியம் தமிழுக்கு ஏற்பட்டிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையைத்தான் சொல்கிறேன். 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் வாழ்ந்தவர். கவர்னர் டூப்ளேயின் அந்தரங்கத்துக்குப் பாத்திரமாகி, 1747-ல் பெரிய துபாஷ் ஆனார். 1736-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி 1761-ம் வருஷம் ஜனவரியில் கண்ணை மூடும் வரையில், தினப்படி சேதிக் குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வந்தது, கல்யாணம் நடந்தது, கவர்னர் கோபித்துக்கொண்டார், கவர்னருடைய மனைவி எங்கே யாரை வேவு பார்க்க அனுப்பினாள் என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. அவர் மறைந்த சில நாட்களுக்குள் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் வசமாயிற்று.

ஆபீஸ் கண்கொண்டு பார்த்தால் இது எவ்வளவு பெரிய குற்றம், யோசியுங்கள்! ஒரு ஸ்தாபனத்தின் தலைமை உத்தியோகஸ்தர், முதலாளி தனியாக அழைத்துப் பேசிய ரகசியங்களையெல்லாம் இருபத்தைந்து வருஷம் தம் வீட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மானேஜராக இருந்தால் அவரை என்ன செய்திருப்பார் என்று எண்ணவே பயமாயிருக்கிறது. ஆனால் 1846-ம் வருஷம் வரையில் அந்தக் குறிப்பு வீட்டை விட்டு வெளியே வந்ததாகத் தெரியவில்லை. அப்போது ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு வெளியுலகத்துக்குச் சொன்னார். 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு பாகமாக அது இங்கிலீஷில் வெளிவந்தது. பிந்திய பாகங்களைப் பதிப்பித்த டாட்வெல் துரைதான் எழும்பூர் ரிகார்டு ஆபீஸின் முதல் தலைவர்.

பிள்ளையவர்கள் எழுதினார், ஆனால் விற்கவில்லை. ரகசியம் தெரிந்திருப்பது வேறு, ரகசியத்தை வியாபாரம் செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிற எஜமானர்களிடந்தான் நல்ல வேலைக்காரர்கள் நிலைப்பதில்லை.

*

இனி ஒரு குமாஸ்தாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

1744-ம் வருஷம் சென்னைத் துறையில் ஓர் இங்கிலீஷ்காரப் பையன் வந்து இறங்கினான். வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை. பதவி 'ரைட்டர்'. சம்பளம் வருஷத்துக்கு ஐந்து பவுன். ரைட்டர் என்றால் என்னைப்போல் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதத்தைப் பிரதி எடுக்கவேண்டும். கணக்கை நகல் செய்யவேண்டும். கிடங்கில் துணியை எண்ணவேண்டும். நம் போலீஸ் ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்று ஒருவரைச் சொல்கிறோமே, அவருக்கு மூலபுருஷர் இவர்தான். இந்தப் பையனுக்கு அந்த வேலை வேப்பங்காயாக இருந்தது. பெயர் ராபர்ட் கிளைவ்.

1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொனே சென்னையைப் பிடித்தார். ஒரு பெருந்தொகை கொடுத்தால் கோட்டையைத் திருப்பிக் கொடுப்பதாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். டூப்ளே அதை ஒப்புக்கொள்ளவில்லை. லாபூர்தொனே கப்பலேறிப் போனதும் அந்த உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்துவிட்டார். கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றால் நாங்கள் கொடுத்த வாக்குக்கு மட்டும் என்ன மதிப்பு என்று சொல்லி, கிளைவும் இரண்டொருவரும் நம்மவர்போல் வேஷம் போட்டுக்கொண்டு கடலூருக்கு அருகிலிருந்த டேவிட் கோட்டைக்கு ஓடிப்போனார்கள். அங்கே பையன் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தான். 1751-ல் ஆர்க்காட்டுக் கோட்டையில் அவன் என்ன செய்தான் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால், ஒரு கையெழுத்தைக் கிழித்தெறியலாம் என்ற பாடத்தை அவன் சென்னையில் கற்றுக்கொண்டான் என்று புத்தகங்கள் சொல்வதில்லை. அது என் அபிப்பிராயம்.

1757-ம் வருஷம். கிளைவ் வங்காளத்தில் இருக்கிறார். நவாப் சிராஜுத் தௌலாவைக் கவிழ்த்து மீர் ஜாஃபரைப் பட்டத்தில் உட்கார வைக்கச் சதி நடக்கிறது. நடுவில் நின்று பேசியவர்களில் ஒருவர் உமிசந்த் என்ற பெருவணிகர். காரியம் கனியும் சமயத்தில் அவர், "எனக்கு இத்தனை லட்சம் பங்கு என்று உடன்படிக்கையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நவாபிடம் சொல்லிவிடுவேன்" என்றார்.

கிளைவ் அப்போது இரண்டு தாள் வரவழைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வெள்ளைத் தாளில் உண்மையான உடன்படிக்கை. அதில் உமிசந்தின் பெயரே இல்லை. சிவப்புத் தாளில் பொய் உடன்படிக்கை. அதில் உமிசந்துக்குப் பங்கு உண்டு. சபையார் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். கடற்படைத் தலைவர் வாட்ஸன் மட்டும் சிவப்புத் தாளில் போட மறுத்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் உமிசந்த் சந்தேகப்படுவார். ஆகவே லஷிங்டன் என்ற ஒரு சின்ன உத்தியோகஸ்தரைக் கொண்டு வாட்ஸனுடைய பெயரைச் சிவப்புத் தாளில் எழுதச் செய்தார்கள். எழுதியது குமாஸ்தாவின் கை. எழுதச் சொன்னது யாருடைய வாய்?

ஜூன் 23-ந் தேதி பிளாஸி யுத்தம் முடிந்தது. சில நாட்களில் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், உமிசந்திடம் அந்தச் சிவப்புத் தாள் ஒரு தந்திரம், உமக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கணத்தில் அவர் மூர்ச்சையாகி விழுந்தார், பிறகு புத்தி பேதலித்துப் போனார் என்று ராபர்ட் ஓர்ம் எழுதினார். அந்த ஓர்ம் அந்நாளில் சென்னைச் சபையில் அங்கத்தினராக இருந்தவர். பேதலித்தது உண்மையா என்று பிற்காலத்தவர் சந்தேகப்படுகிறார்கள். ஏமாந்தது உண்மை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

உமிசந்த் ஒன்றும் உத்தமரல்ல. மிரட்டிப் பணம் கேட்டவர். அவருக்காக நான் கண்ணீர் விடவில்லை. என் வியப்பு வேறு. ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொரு முடிவின் கீழும் கையெழுத்து வாங்கி, எண்பது வருஷம் காகிதத்தைக் காவல் காத்த ஒரு ஸ்தாபனம், எல்லாவற்றிலும் பெரிய காரியம் வந்தபோது தன் கையாலேயே ஒரு பொய்க் காகிதம் தயாரித்தது. பூட்டு உடையவில்லை. முத்திரை கலையவில்லை. வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. காகிதத்துக்குக் கேடு நடுக்கூடத்திலிருந்தே வந்தது.

இதற்கு ஓர் அனுபந்தமும் உண்டு. 1772-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக் கமிட்டி கிளைவை விசாரித்தபோது, அவர் அந்தச் சிவப்புத் தாள் விஷயத்தை மறைக்கவில்லை. அது நியாயந்தான் என்றும், மறுபடி நேர்ந்தால் நூறு தடவையும் செய்யத் தயார் என்றும் சொன்னார். மறு வருஷம் பார்லிமெண்டு, அவர் தேசத்துக்குப் பெரிய சேவை செய்தவர் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1775-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமாரைத் தூக்கில் போட்டார்கள். குற்றம் என்ன? பொய்ப் பத்திரம் தயாரித்தது! கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று புகார் கொடுத்த சில மாதங்களில் அவர் மேல் அந்த வழக்கு வந்தது. இங்கிலாந்துச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை என்றார்கள். நந்தகுமார் குற்றவாளியா இல்லையா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் வேண்டாம். ஒரே ஸ்தாபனத்தின் நிழலில், ஒரு பொய்க் காகிதத்துக்குப் பிரபுப் பட்டமும் இன்னொன்றுக்குத் தூக்குக் கயிறும் கிடைத்தன என்பது போதும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்கள் எழுதி வைத்ததனால்தான். விசாரணை அச்சாகியிருக்கிறது. கடிதங்கள் இருக்கின்றன. யார் போட்டார், யார் போட மறுத்தார் என்பதுகூட இருக்கிறது. பொய்யைச் செய்தவர்கள் அந்தப் பொய்யின் பிரதியையும் பத்திரப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1858-ல் கம்பெனியின் ஆட்சி போன பிறகு லண்டனில் வேண்டாத காகிதங்கள் என்று டன் கணக்கில் கழித்துவிட்டார்கள். அப்படியும் மிச்சம் இருப்பது அவர்களுக்குச் சாட்சி சொல்கிறது. சில இடங்களில் அவர்களுக்கு எதிராகவும் சொல்கிறது. காகிதத்தின் தர்மம் அது. அதற்கு எஜமானன் என்றும் வேலைக்காரன் என்றும் தெரியாது.

*

இனி என் கதைக்கு வருகிறேன்.

பெரியவர் போன பத்தாம் நாள். ஒரு கடிதத்தை நாலு பிரதி அடிக்க வேண்டியிருந்தது. மேஜை டிராயரிலிருந்த ஒரு கார்பன் தாளை எடுத்து, இன்னும் உபயோகப்படுமா என்று பார்ப்பதற்காக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரே ஒரு தடவை அடித்த புதுத் தாள் அது. அடித்த எழுத்துக்கள் ஒவ்வொன்றும் வெள்ளி நட்சத்திரம்போல் அதில் மின்னின. விலாசம், தேதி, தொகை, ஒன்று விடாமல் படிக்க முடிந்தது.

என் கை சில்லிட்டுப்போயிற்று.

டெண்டர் அடித்த அன்று, பிரதி தெளிவாக விழவேண்டும் என்று ஹெட் கிளார்க் புதுக் கார்பன் எடுத்துக் கொடுத்தார். அடித்து முடித்ததும் அதில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. இனி உதவாது என்று காலடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டேன். அந்தக் கூடைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் ஏஜெண்டுகளும் தரகர்களும் வந்து காத்துக்கொண்டு உட்காருவார்கள். அன்று யார் யார் உட்கார்ந்தார்கள்? எனக்கு நினைவில்லை. அந்தத் தாளை யாராவது எடுத்தார்களா? சத்தியமாகத் தெரியாது. ஆனால் அரக்கு முத்திரை வைத்த உறையைக் காட்டிலும் அந்தக் கூடை சுலபமாகத் திறக்கக்கூடியது என்பது தெரியும்.

மானேஜர் அறை வாசல் வரையில் போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். என் தகப்பனாருடைய முகம், மாதம் பிறந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், தங்கையின் கல்யாணம் எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றன. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிக்கத் தொடங்கினேன். அன்று முதல் கார்பன் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்தே போட்டேன். அதைப் பார்த்து ஹெட் கிளார்க், "பையன் ஜாக்கிரதைக்காரன்" என்று என்னை மெச்சினார்.

அந்த ஸ்தாபனத்திலும் ரிகார்டு இருந்தது. பெரியவருடைய பெயருக்கு எதிரே 'நம்பிக்கைத் துரோகம். நீக்கப்பட்டார்' என்று ஒரு வரி இருந்தது. அவர் சொன்ன பதிலுக்கு அதில் இடம் இல்லை. 'முத்திரை உடையாமத்தானே குடுத்தேன்' என்ற அவருடைய வார்த்தையை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த துணி வியாபாரிகள்கூட மாற்று அபிப்பிராயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். எங்கள் ஆபீஸில் அது கிடையாது.

பல வருஷங்கள் சென்று, எழும்பூரில் ஆலோசனைப் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம், அந்த முதலாளிக்கு நடந்ததையெல்லாம் எழுதித் தபாலில் சேர்த்தேன். கடிதம் இரண்டு வாரத்தில் என்னிடமே திரும்பி வந்தது. ஸ்தாபனம் மூடிப்போய்விட்டது, விலாசத்தில் ஒருவரும் இல்லை என்று தபால்காரர் எழுதியிருந்தார். பெரியவரை விசாரித்துக்கொண்டு அவர் குடியிருந்த சந்துக்குப் போனேன். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய் வெகு காலமாயிற்று என்றார்கள். எந்த ஊர் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இப்போது ஆபீஸ்களில் அரக்கும் இல்லை, கார்பனும் இல்லை. காகிதமே அருகிவிட்டது. கடிதங்கள் கண்ணாடித் திரையில் தோன்றி மறைகின்றன; பூட்டும் சாவியும் ரகசிய வார்த்தைகளாக மாறிவிட்டன. என் மருமகன் அப்படிப்பட்ட ஓர் ஆபீஸில்தான் இருக்கிறான். எந்தக் காகிதத்தை யார் எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிவிடும் என்று பெருமையாகச் சொன்னான்.

"நல்லதுதான் மாப்பிள்ளை. ஆனா, தப்பு நடந்தா கடைசியிலே கொண்டுபோய்க் குடுத்தவனைத்தானே பிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்த அந்தக் கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பெரியவர் சொன்னபடி பேனாவையும் அதே டிராயரில் வைத்துத்தான் பூட்டுகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய நாளில் போடாமல் வந்துவிட்டவன் நான். அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு வரி பாக்கி இருந்தது. அதை இன்று இங்கே எழுதிவிட்டேன்: குற்றம் பெரியவருடையது அல்ல.